பஃபலோ–கான்சாஸ் சிட்டி அமெரிக்கக் கால்பந்து ஆட்டம்: ஃபிக்ஸா, நடுவர் கண்ணில் கோளாறா?

கேள்வி – 26 ஜனவரி 2025, நள்ளிரவு

"அண்ணா, நீங்க பஃபலோ ஆள், அதனால உங்ககிட்டயே கேக்கறேன். 4வது டவுன்ல ஜாஷ் ஆலன் கோட்டைத் தாண்டினது கண்ணு இருக்கற எல்லாருக்கும் தெரிஞ்சுது, நடுவருக்கு மட்டும் தெரியல. ஒவ்வொரு வருஷமும் கான்சாஸ் சிட்டிக்கு மட்டும் எப்படி இது நடக்குது? என்எஃப்எல் முழுக்க எழுதி வச்ச நாடகம்னு சொல்றவங்களப் பாத்து நான் சிரிச்சிருக்கேன். இனிமே சிரிக்க மாட்டேன். ஃபிக்ஸ் இல்லன்னா எப்படி இல்லன்னு சொல்லுங்க."

27 ஜனவரி 2025, காலை

தூங்கவில்லை தம்பி. காலை மீட்டிங்கைத் தள்ளிப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்கு: என்எஃப்எல் என்பது அமெரிக்கக் கால்பந்து லீக். அதன் ஒரு பாதியான ஏஎஃப்சியின் இறுதி ஆட்டம் இது, ஜெயித்தவர் சூப்பர் பவுலுக்கு, அதாவது லீகின் இறுதிப் போட்டிக்குப் போவார். கடைசிக் கால்பகுதி இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, பஃபலோ 22–21 என்று முன்னால். 10 யார்டு முன்னேற நாலு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன்; முன்னேறினால் மறுபடி முதல் டவுன், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. இது 4வது டவுன், ஒரு யார்டு கூட வேண்டாம், அங்குலக் கணக்கு. எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) ஆலன் பந்தை வாங்கிய கையோடு குவியலுக்குள் முட்டுகிறார். இரண்டு ஓரங்களிலிருந்தும் ஆளுக்கொரு நடுவர் ஓடி வருகிறார்கள். ஒருவர் வந்து நின்ற இடத்தைப் பார்த்தால் முதல் டவுன். இன்னொருவர் நின்ற இடம் கொஞ்சம் பின்னால். பின்னால் நின்றவர் சொன்னதுதான் எடுபட்டது. ரீப்ளே பார்த்தார்கள், மாற்றவில்லை. பந்து கான்சாஸ் சிட்டி கைக்குப் போனது, அந்த வாய்ப்பிலேயே டச்டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி) அடித்தார்கள். 32–29 என்று எங்கள் கதை முடிந்தது.

ஆலன் தாண்டினார் என்றுதான் எனக்கும் பட்டது. சிபிஎஸ் டிவியில் விதி விளக்கம் சொல்கிற ஜீன் ஸ்டெரடோரேவும், பல வருஷம் தலைமை நடுவரின் வெள்ளைத் தொப்பி போட்டு ஆட்டம் நடத்தியவர், அப்படித்தான் சொன்னார். ஆனால் தப்பாகப் பார்த்தார்கள் என்பது வேறு, விலைபோனார்கள் என்பது வேறு. முதலாவதை இந்த நிமிஷமே கையெழுத்துப் போட்டுத் தருவேன். இரண்டாவதுக்கு என் கையில் ஒன்றும் இல்லை, உன் கையிலும் இல்லை.

27 ஜனவரி, மதியம்

ரீப்ளே எதற்கு இருக்கிறது என்று கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள்.

ரீப்ளே பார்க்கிறவர் புதுத் தீர்ப்பு எழுதுவதில்லை. களத்தில் சொன்னது தவறு என்று படத்தில் பளிச்சென்று தெரிந்தால்தான் மாற்றலாம். தெரியாவிட்டால் களத்தில் சொன்னது நிற்கும். நேற்று பந்து ஆலனின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது, அவர்மேல் ஆட்கள் கிடந்தார்கள். பந்தும் கோடும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரிகிற கோணம் ஒன்றுகூட டிவியில் வரவில்லை.

இப்போது மாற்றி யோசியுங்கள். முன்னால் வந்து நின்றவரின் இடத்தைக் குழு எடுத்திருந்தால்? அதே படங்கள், அதே ரீப்ளே, அதையும் மாற்றியிருக்க மாட்டார்கள். பஃபலோ முதல் டவுன். ஆக ஒரு சீசனே, இரண்டு பேரில் யார் காலடியை நம்புவது என்பதில் வந்து நின்றது. இவரை ஏன் நம்பினார்கள், அவரை ஏன் விட்டார்கள் என்று மைக் பிடித்த தலைமை நடுவர் சொல்லவில்லை. தூக்கம் போனது அதனால்தான்.

27 ஜனவரி, இரவு

கிரிக்கெட்டில் டிஆர்எஸ் இருக்கிறதே, இவ்வளவு பணம் புரளும் லீகில் ஏன் இல்லை என்கிறார் ஒருவர். கிரிக்கெட் பந்து எல்பிடபிள்யூ கேட்கும்போது 22 பேருக்கு அடியில் கிடப்பதில்லை ஐயா.

28 ஜனவரி 2025

"உங்களுக்கு என்ன தெரியும் என்று நடுவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்?" நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

ரோச்செஸ்டர் பக்கம் என் பையன் படித்த பள்ளிக்கூடத்து ஆட்டங்களில் நான் சங்கிலி பிடித்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டம், ஆள் போதவில்லை, மாணவர்களின் அப்பாக்களில் யார் சும்மா நிற்கிறார்களோ அவர்களைக் கூப்பிடுவார்கள். ஆரஞ்சு வெஸ்ட் ஒன்றைக் கொடுப்பார்கள். இரண்டு கம்பு, நடுவில் 10 யார்டு சங்கிலி. நடுவர் ஓரக் கோட்டில் குதிகாலை ஊன்றிக் காட்டுவார், அதற்குப் பின்னால் முதல் கம்பை நடுவோம். அப்புறம் சங்கிலியில் ஒரு கிளிப். பக்கத்தில் இருக்கிற ஐந்து யார்டுக் கோட்டுக்கு நேராக அதை மாட்ட வேண்டும். உள்ளே கூப்பிட்டு அளக்கச் சொன்னால் அந்தக் கிளிப்பைக் கோட்டின்மேல் வைத்துவிட்டுச் சங்கிலியை இழுத்தால் போதும், பழைய இடம் அப்படியே திரும்பக் கிடைக்கும். கிளிப் மாட்ட மறந்துவிட்டால் அன்றைக்குத் தொலைந்தோம்.

கம்பைப் பிடித்துக்கொண்டு அந்த ஓரத்தில் நின்றால்தான் தெரியும். பந்து வைத்திருக்கிற பையன் எங்கே முட்டி போட்டான், பந்து அப்போது எங்கே இருந்தது, இரண்டையும் ஒரே கணத்தில் பார்க்க முடியாது. லைன் ஜட்ஜ், அதாவது ஓரக் கோட்டு நடுவர், ஓடிப் போய் ஒரு காலை முன்னால் வைத்து நிற்பார், அந்தக் கால்தான் இடம். அடியில் கிடக்கிற பையன் எழுந்திருக்கும்போது பந்தை அரை அடி முன்னால் தள்ளி வைப்பான், எல்லாப் பையன்களும் வைப்பார்கள், என் பையனும் வைத்தான். நடுவர் பந்தைப் பிடுங்கித் தன் கால் நேரே வைப்பார். அந்தக் கால் எதை வைத்து அங்கே போனது? பாதி பார்த்தது, பாதி ஊகம்.

அவர்கள் கையில் ஒரு ரப்பர் பட்டை இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? மணிக்கட்டில் மாட்டி, ஒரு வளையத்தை விரலில் போட்டிருப்பார்கள். முதல் டவுன் ஆள்காட்டி விரல், இரண்டாவது நடுவிரல், இப்படி ஒவ்வொரு டவுனுக்கும் விரல் மாறும். நூறு பேர் திட்டிக்கொண்டிருக்கிறபோது எத்தனையாவது டவுன் என்பதே மறந்து போகும், அதற்குத்தான். ஒரு ராத்திரி எனக்குப் பக்கத்தில் நின்ற லைன் ஜட்ஜை ஒரு அம்மா முதல் கால்பகுதியிலிருந்து கடைசி வரைக்கும் திட்டினார். அவர் திரும்பியே பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு கோடு போட்ட சட்டையைக் கழற்றி மடித்தார், போய்விட்டார். மறுநாள் வேறு எங்கேயோ ஆட்டம் இருக்கிறது என்றார்.

என்எஃப்எல் நடுவர்கள் இவர்களைவிட ஆயிரம் மடங்கு கெட்டிக்காரர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலை அதே வேலை. அதே கால்.

30 ஜனவரி 2025

கான்சாஸ் சிட்டி ரசிகர் ஒருவர் துணிந்து வந்திருக்கிறார். யாரும் அடிக்க வேண்டாம். தீர்ப்பு உங்களுக்கும் சாதகமாக வந்திருக்கிறதே என்கிறார். அவர் சொல்வதில் பாதி சரி.

2023 டிசம்பர் 10, அதே இரண்டு அணிகள், அதே கான்சாஸ் சிட்டி மைதானம். கடைசி நேரத்தில் கான்சாஸ் சிட்டியின் கெல்சி பந்தைப் பின்னால் எறிய, சக வீரர் கடேரியஸ் டோனி வாங்கி ஓடி டச்டவுன். வாழ்நாள் ஆட்டம். ஆனால் டோனி ஆரம்பத்திலேயே கோட்டுக்கு முன்னால் நின்றிருந்தார், ஆஃப்சைடு என்று நடுவர் விதிமீறல் கொடியை வீசினார், டச்டவுன் போச்சு. பஃபலோ 20–17. கான்சாஸ் சிட்டி குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் ஓரத்தில் நின்று கத்தியதை உலகமே பார்த்தது. அன்றைக்கு நான் சோபாவில் சாய்ந்துகொண்டு "விதி என்றால் விதிதானே" என்று நியாயம் பேசினேன்.

சரி, மீதிப் பாதி. இந்த மாதம் 18-ம் தேதி ஹூஸ்டன் ஆட்டத்தை அவர் மறந்துவிட்டார். மஹோம்ஸ் ஓடி, கடைசி நொடியில் சறுக்குகிறார். சறுக்கிய குவார்ட்டர்பேக்கை அடிக்கக் கூடாது என்பது விதி. ஹூஸ்டன்காரர்கள் இரண்டு பேர் முக்கால்வாசி ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்கிறார்கள். கொடி! மஹோம்ஸை அடித்தார்களாம். வர்ணனையில் இருந்த டிராய் எய்க்மன், தானே குவார்ட்டர்பேக்காக மூன்று சூப்பர் பவுல் ஜெயித்தவர், பொறுக்க முடியாமல் இந்த விதியைச் சரிசெய்ய வேண்டும் என்று நேரலையிலேயே சொன்னார். அதைச் சதி என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய பெயர் கீழே விழுந்தால் கை தானாகக் கொடிக்குப் போகிறது. மனுஷப் புத்தி. அதனால் அது நியாயமாகிவிடாது.

1 பிப்ரவரி 2025

சூப்பர் பவுல் சின்னத்தின் நிறமே எந்த இரண்டு அணிகள் வரும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது என்ற கதையை யாரும் எழுத மாட்டீர்கள் என்று நம்பியிருந்தேன். எழுதிவிட்டீர்கள்.

2022-ல் ஆரஞ்சும் மஞ்சளும், சின்சினாட்டியும் ராம்ஸும் வந்தார்கள். 2023-ல் சிவப்பும் பச்சையும், கான்சாஸ் சிட்டியும் ஃபிலடெல்ஃபியாவும். அடடா! 2024-ல் சிவப்பும் ஊதாவும், ஊதா பால்டிமோர் அல்லவா? அவர்கள் சொந்த மைதானத்திலேயே கான்சாஸ் சிட்டியிடம் தோற்றுப் போனார்கள், வந்தது இன்னொரு சிவப்பான சான் ஃபிரான்சிஸ்கோ. அந்த வருஷத்தை மட்டும் படத்தில் வெட்டிவிட்டுப் பகிர்கிறார்கள்.

எழுதி வைத்த நாடகம் என்ற பேச்சை லீகே கேலி செய்து 2023-ல் ஒரு விளம்பரம் எடுத்தது, வீரர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதைவசனம் படிப்பது போல. அன்றைக்குச் சிரித்தேன். இப்போது, அந்த விளம்பரத்துக்குச் செலவழித்ததை இரண்டு கேமராவுக்குச் செலவழித்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

1 பிப்ரவரி, இரவு

"நாங்கள் விளையாட்டு இல்லை, வெறும் பொழுதுபோக்கு என்று என்எஃப்எல்லே உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது." இந்த வரி எல்லா இடத்திலும் சுற்றுகிறது, நம் இழைக்கும் வந்துவிட்டது.

அந்த வழக்கு தொப்பி வழக்கு. அமெரிக்கன் நீடில் என்ற கம்பெனி அணிச் சின்னம் போட்ட தொப்பிகள் தைத்துக்கொண்டிருந்தது. லீக் அந்த உரிமையை மொத்தமாக ரீபாக்குக்குக் கொடுத்துவிட்டது. இவர்கள் வழக்குப் போட்டார்கள். 32 அணிகளும் சேர்ந்து ஒரே நிறுவனம் மாதிரி, எங்களுக்குள் போட்டி கிடையாது, அதனால் போட்டிச் சட்டம் எங்களைத் தொடாது என்று லீக் வாதாடியது. 2010-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதை மறுத்தார்கள். ஆட்டத்தின் முடிவை எழுதி வைப்பது பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை. லீக் தோற்ற வழக்கை லீக்கின் ஒப்புதல் வாக்குமூலமாக ஆக்கிவிட்டார்கள்.

4 பிப்ரவரி 2025

நேற்று லீகின் கமிஷனர் குடெல் வாய் திறந்தார். நடுவர்கள் கான்சாஸ் சிட்டிக்குச் சாதகம் என்பது அபத்தம் என்றார். நடுவர் சங்கத்துத் தலைவரும் இது எங்களை அவமானப்படுத்துவது என்று அறிக்கை விட்டார். இரண்டு பேருமே அந்த 4வது டவுனை விளக்கவில்லை.

குடெல் இதைப் பேசியது நியூ ஆர்லியன்ஸில் நின்றுகொண்டு. இந்த ஞாயிறு சூப்பர் பவுல் அங்கேதான். அந்த ஊரில் நின்று நடுவர்களை நம்புங்கள் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

2019 ஜனவரி 20. லீகின் மறுபாதியான என்எஃப்சியின் இறுதி ஆட்டம், இந்த ஊர் அணி செயின்ட்ஸும் ராம்ஸும், 20–20. இரண்டு நிமிஷம்கூட இல்லை. செயின்ட்ஸ் எதிராளியின் 13-வது யார்டில், 3வது டவுன். டாமிலீ லூயிஸை நோக்கிப் பந்து வருகிறது. பந்து வருவதற்கு முன்னாலேயே ராம்ஸின் ராபி-கோல்மன் தலையால் மோதி அவரைச் சாய்க்கிறார். பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் என்றால் என்ன என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் படம் ஒன்று போதும். கொடி விழவில்லை. விழுந்திருந்தால் செயின்ட்ஸ் நேரத்தைக் கரைத்துவிட்டு ஒரு ஃபீல்டு கோல் (உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அடித்து முடித்திருக்கும். கொடி இல்லாததால் உடனே ஃபீல்டு கோல் அடித்து 23–20 ஆக்கியது. மிச்ச நேரத்தில் ராம்ஸ் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 57 யார்டிலிருந்து அடித்து 26–23 என்று போய்விட்டார்கள். முன்கூட்டியே மோதினேன் என்று ராபி-கோல்மனே உடைமாற்றும் அறையில் ஒத்துக்கொண்டார். லீக் அதிகாரி செயின்ட்ஸ் பயிற்சியாளர் ஷான் பேட்டனைப் போனில் கூப்பிட்டுத் தவறை ஒத்துக்கொண்டார். ஹெல்மெட்டால் மோதியதற்கு 26,739 டாலர் அபராதம் வேறு. கொடி வீசாத மோதலுக்கு அபராதச் சீட்டு!

அந்த ஊர் சும்மா இருக்கவில்லை. சூப்பர் பவுல் அன்று தெருவில் புறக்கணிப்புத் திருவிழா நடத்தினார்கள். மறுநாள் ஊர்ப் பத்திரிகை முதல் பக்கத்தை ஏறக்குறைய வெறுமையாக விட்டு, எந்த சூப்பர் பவுல் என்று கேட்டது. ரசிகர்கள் வழக்கே போட்டார்கள். லூசியானா உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது: டிக்கெட் வாங்கினால் உள்ளே போகவும் உட்காரவும் உரிமை, அவ்வளவுதான். லீக் அடுத்த சீசனுக்கு மட்டும் பாஸ் இன்டர்ஃபியரன்ஸையும் ரீப்ளேயில் கேட்கலாம் என்று 31–1 வாக்கில் விதி கொண்டுவந்தது. பயிற்சியாளர்கள் கேட்கக் கேட்க மறுத்தே தீர்ந்தது அந்த வருஷம். 2020-ல் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

அந்த மைதானத்தின் இன்றைய பெயர் என்ன தெரியுமா? சீசர்ஸ் சூப்பர்டோம். 2021-லிருந்து சூதாட்ட விடுதிக் கம்பெனியின் பெயர் கூரைமேல் இருக்கிறது.

4 பிப்ரவரி, அதே இரவு, இன்னும் கொஞ்சம்

பெயரோடு விட மனசு வரவில்லை. விளையாட்டில் பணம் கட்டும் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்க நியூ ஜெர்சி முயன்றபோது அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் என்எஃப்எல்லும் ஒன்று. 2012-ல் குடெல் எழுத்துபூர்வமாகக் கொடுத்த வாதம் இதுதான்: பந்தயம் பரவினால் கை தவறுவது, கொடி விழுவது போன்ற சாதாரண விஷயங்கள்கூட ஆட்டத்தை விற்றுவிட்டார்கள் என்ற சந்தேகத்தைக் கிளப்பும். 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. 2021-ல் லீக் சீசர்ஸ், டிராஃப்ட்கிங்ஸ், ஃபேன்டூவல் என்ற மூன்று பந்தயக் கம்பெனிகளோடும் ஒப்பந்தம் போட்டுவிட்டது.

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு என் பதில் இங்கே இருக்கிறது. உன் சந்தேகத்தை உனக்கு முன்னால் எழுதி நீதிமன்றத்தில் கொடுத்தவர் குடெல். காசு வரத் தொடங்கியதும் அதே சந்தேகம் அபத்தம் ஆகிவிட்டது. ஆட்டத்தை யாரும் எழுதி வைக்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் திரையின் ஒரு மூலையில் பந்தய விகிதத்தைப் போட்டுவிட்டு, மறு மூலையில் நடுவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு மூச்சு விடாமல் இருந்தால், நடுவில் உட்கார்ந்திருக்கிறவன் என்ன நினைப்பான்?

நியூயார்க்கில் 2022 ஜனவரியிலிருந்து போனிலேயே பந்தயம் கட்டலாம். எங்கள் ஆபீசில் ஒருவர், எந்த அணிக்கும் ரசிகர் இல்லை, ஆலன் எத்தனை யார்டு ஓடுவார் என்று மட்டும் கட்டுவார். அந்த 4வது டவுனுக்கு என்னைவிட அதிகமாகக் கத்தியவர் அவர்தான்.

6 பிப்ரவரி 2025

தான் நடத்திய ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டிய என்பிஏ (கூடைப்பந்து) நடுவர் டிம் டோனகியை நினைவுபடுத்தியவருக்கு: ஆமாம், நடந்தது. 2007-ல் வெளியே வந்தது, 2008-ல் 15 மாதச் சிறைத் தண்டனை. ஆகவே நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவரைப் பிடித்தது எஃப்பிஐ. ரீப்ளே பார்த்துக் கண்டுபிடித்த ரசிகர் யாரும் இல்லை.

சதியைவிடத் திறமைக் குறைவு எவ்வளவு பெரிய காரணம் என்பதற்கு 1998. தேங்க்ஸ்கிவிங் நாள், ஸ்டீலர்ஸ்–லயன்ஸ், கூடுதல் நேரத்துக்கு நாணயம் சுண்டுகிறார்கள். ஸ்டீலர்ஸின் ஜெரோம் பெட்டிஸ் 'டெய்ல்ஸ்' (பூ) என்கிறார், நாணயமும் அப்படித்தான் விழுகிறது. நடுவர் ஃபில் லக்கெட் 'ஹெட்ஸ்' (தலை) சொன்னதாக அறிவித்துப் பந்தை லயன்ஸுக்குக் கொடுத்துவிட்டார். ஸ்டீலர்ஸ் பந்தைத் தொடாமலே தோற்றது. பெட்டிஸ் 'ஹெ' என்று ஆரம்பித்து மாற்றினார் என்று இன்றைக்கும் சண்டை ஓடுகிறது, அது கிடக்கட்டும். பத்தாவது நாள், ஜெட்ஸ்–சீஹாக்ஸ், அதே லக்கெட் தலைமைக் குழு. ஜெட்ஸின் வின்னி டெஸ்டவர்டி முட்டிக்கொண்டு விழுகிறார். பந்து கோட்டுக்கு இந்தப் பக்கம், தாண்டியது ஹெல்மெட். ஹெல்மெட்டைப் பந்தென்று நினைத்து டச்டவுன் கொடுத்துவிட்டார்கள். 32–31. அந்தக் கூத்துக்கு அப்புறம்தான் 1999-ல் ரீப்ளே திரும்பி வந்தது. ஒரே மனிதரை வைத்துப் பத்து நாளில் இரண்டு சதி செய்ய எந்த முட்டாள் திட்டம் போடுவான்?

6 பிப்ரவரி, இரவு

நடுவர்களுக்கு இது பகுதிநேர வேலைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். நடுவராக இருந்த காலத்தில் எட் ஹோக்குலி அரிசோனாவில் வக்கீல், ஸ்டெரடோரே துப்புரவுச் சாமான் வியாபாரம். ஏழு பேர் கொண்ட குழு, ஞாயிறு ஆட்டம், மற்ற நாள் அவரவர் பிழைப்பு. 2017-ல் சிலரை முழுநேரமாக எடுத்துப் பார்த்தார்கள், 2019-ல் நிறுத்திவிட்டார்கள். முழுநேரமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் ரொம்ப நாள் நினைத்தேன். இங்கிலாந்து பிரீமியர் லீகில் முழுநேர நடுவர்கள்தான், அங்கே ரசிகர்கள் பூ தூவவில்லை.

இவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாகிவிட்டது. 2012-ல் சம்பளத் தகராறில் லீக் இவர்களை வெளியே நிறுத்திவிட்டு மாற்று ஆட்களைக் கூட்டிவந்தது. செப்டம்பர் 24, சியாட்டில், கடைசிப் பந்து. பேக்கர்ஸ் வீரரும் சீஹாக்ஸ் வீரரும் ஒரே பந்தைக் கட்டிப்பிடித்து உருள்கிறார்கள். பக்கத்தில் ஓடி வந்த இரண்டு நடுவர்களில் ஒருவர் கையை உயர்த்தி டச்டவுன் காட்டுகிறார், அதே நொடியில் மற்றவர் கையை ஆட்டி வேறு காட்டுகிறார். சீஹாக்ஸ் 14–12. இரண்டே நாளில் தகராறு தீர்ந்தது. அந்த வியாழன் பால்டிமோரில் பழைய நடுவர்கள் களத்துக்கு வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்குத் தெரிந்து கோடு போட்ட சட்டைக்கு அப்படி ஒரு வரவேற்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

10 பிப்ரவரி 2025

சூப்பர் பவுல் முடிந்தது: ஃபிலடெல்ஃபியா 40, கான்சாஸ் சிட்டி 22. பாதி ஆட்டத்தில் 24–0. மஹோம்ஸை ஆறு தடவை சாய்த்தார்கள். ஃபிலடெல்ஃபியாவின் கூப்பர் டிஜீன் தன் பிறந்தநாளில் பந்தைப் பறித்துக்கொண்டு போய் டச்டவுன் அடித்தார்.

முதல் வாய்ப்பிலேயே ஃபிலடெல்ஃபியாவின் ஏ.ஜே. பிரவுன் 4வது டவுனில் பிடித்த பந்தைக் கொடி போட்டுப் பறித்தார்களே, அப்போது இந்த இழை எப்படிக் கொதித்தது! ஒரு மணி நேரத்தில் சத்தமே இல்லை.

10 பிப்ரவரி, இரவு

"நாம் கண்டுபிடித்துவிட்டோம் என்று தெரிந்ததும் கதையை மாற்றிவிட்டார்கள்." தம்பி, ஜெயித்தாலும் சாட்சி, தோற்றாலும் சாட்சி என்றால் அப்புறம் ஆட்டம் எதற்கு?

2 ஏப்ரல் 2025

இழையைத் தோண்டி எடுப்பதற்கு மன்னிக்கவும், ஆனால் இது நம் சங்கதி. வரும் சீசனிலிருந்து சங்கிலி கிடையாதாம். ஹாக்-ஐ கேமராக்கள் அளக்கும், எட்டு-கே கேமரா ஆறு, அரை நிமிஷத்தில் விடை. சங்கிலிக்காரர்கள் ஓரத்தில் துணைக்கு மட்டும் நிற்பார்கள். ஆரஞ்சு வெஸ்ட் போட்டவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஆலனுக்கு இது இருந்திருந்தால் என்று ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டீர்கள். இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது! செய்தியை முழுக்கப் படியுங்கள். கேமரா அளப்பது, நடுவர் வைத்த பந்துக்கும் கோட்டுக்கும் உள்ள தூரத்தை. பந்தை எங்கே வைப்பது என்பதை இன்னமும் ஓடி வருகிற நடுவர்தான் முடிவு செய்கிறார். குத்துமதிப்பாக ஒரு இடத்தில் வைத்துவிட்டு, அங்கிருந்து அங்குலம் பிசகாமல் அளக்கப் போகிறார்கள். கல்யாண மண்டபத்தில் கண்ணளவில் அள்ளிப் போட்ட அரிசியை, சாதம் ஆனபிறகு தராசில் நிறுத்துப் பார்த்த கதை.

எனக்கு வேண்டியது கேமரா இல்லை. ஆட்டம் முடிந்தபின் ஒரே ஒரு நிருபர் உள்ளே போய்த் தலைமை நடுவரிடம் சில கேள்வி கேட்டு வருகிற இப்போதைய முறையை மாற்றட்டும். தலைமை நடுவர் பத்து நிமிஷம் மைக் முன்னால் உட்காரட்டும். "நான் இடது பக்கத்தில் இருந்தவரை நம்பினேன், காரணம் இது" என்று சொல்லட்டும். தோற்ற பயிற்சியாளர் உட்காருகிறார், பந்தைத் தவறவிட்ட 22 வயதுப் பையன் உட்காருகிறான், இவர் மட்டும் ஏன் பின்வாசல் வழியாகப் போக வேண்டும்?

3 ஏப்ரல் 2025

"மைக் முன்னால் உட்கார வைத்தால் அவர் வீட்டு வாசலில் கல் விழும்." பயம் நியாயமானது. 2008-ல் ஹோக்குலி தவறாக விசில் ஊதி சான் டியேகோவின் ஆட்டத்தைக் கெடுத்தார், டென்வர் 39–38. வந்து குவிந்த மின்னஞ்சல்களுக்கு அவரே பதில் எழுதி, தவறு என்னுடையது என்றார். சான் டியேகோக்காரர்கள் இன்றைக்கும் அவரைத் திட்டுவார்கள், ஆனால் விலைபோனார் என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. இதை வைத்துத்தான் சொல்கிறேன்.

8 செப்டம்பர் 2025

நேற்று ராத்திரி பால்டிமோரை 41–40! நாலு நிமிஷம் இருக்கும்போது 15 புள்ளி பின்னால் இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர், பஃபலோ ரசிகர் வழக்கப்படி, மடக்கு மேஜை மேலே குதித்து உடைத்துவிட்டார், மனைவிக்கு இன்னும் தெரியாது. நடுவர்கள் பற்றி அப்புறம் பேசலாம்.

3 நவம்பர் 2025

பஃபலோ 28, கான்சாஸ் சிட்டி 21. சீசனில் ஜெயிப்போம், பிளேஆஃபில் தோற்போம், அது எங்கள் ஜாதகம், ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம்.

காலையிலிருந்து கான்சாஸ் சிட்டி நண்பர் பந்தை எங்கே வைத்தார்கள், எந்தக் கொடி விழவில்லை என்று படம் வெட்டி வெட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒவ்வொன்றையும் பார்த்தேன். எல்லாம் சரியான தீர்ப்புகளாகத்தான் எனக்குத் தெரிகின்றன. நடுவர்கள் நேற்று அருமை.